இருந்தது கட்சியும் இல்லை கட்சியும்

எருத்தேன்பதியில் பட்டிமன்றம் என்றால் காளிச்சாமி இல்லாமல் நடக்காது. ஆறு ஏக்கர் தென்னந்தோப்பும் இரண்டு கறவை மாடும் வைத்திருக்கும் மனிதர்தான். ஆனால் ஊரில் யாரும் அவரைத் தோப்புக்காரர் என்று சொல்வதில்லை. பேச்சுக்காரர் என்றே சொல்வார்கள். வாயனசாலை என்று அங்கே வழங்கும் ஊர்ப் படிப்பகத்தின் ஆண்டு விழாவில், ஏழு வருடமாக அவர் எந்தக் கட்சியில் நின்றாரோ அந்தக் கட்சிதான் ஜெயித்தது. குடும்பத்தின் மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனே என்று ஒரு வருடம் பேசி ஜெயித்தார். மறு வருடம் மனைவியே என்று பேசி அதையும் ஜெயித்தார். இரண்டுக்கும் ஒரே கூட்டம்தான் கை தட்டியது.

மேடைக்கு முன் பதினைந்து நாள் வீட்டில் ஒத்திகை நடக்கும். கேட்பவர் ஒருவர்தான், அவர் மனைவி மருதாத்தாள். அவள் மாட்டுக்குத் தீவனம் வைத்தால் இவர் பின்னாலேயே போய்ப் பேசுவார். அடுப்படிக்கு வந்தால் நிலைப்படியில் நின்று பேசுவார். "கைதட்டற எடத்துல கைதட்டு, மருதா" என்பார். கையில் மாவு இருந்தால் அவள் கரண்டியால் பாத்திரத்தில் இரண்டு தட்டு தட்டுவாள். அந்தச் சத்தம் போதும் அவருக்கு, அடுத்த பாராவுக்குத் தாவிவிடுவார்.

இந்த வருடம் வாயனசாலைக்குச் செயலாளராக வந்தவள் யோகப்பிரியா. அதே ஊர்ப் பெண், எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்தவள். கமிட்டிக் கூட்டத்தில் அவள் எழுந்து, "இந்த வருசமும் மாமியாரா மருமகளான்னு வெச்சீங்கன்னா நான் செக்ரட்டரி வேலையை உட்டுப்போட்டுப் போயிருவனுங்க" என்றாள். பிறகு தன் தலைப்பைப் படித்தாள்.

'பிரபஞ்சம் தொடங்குவதற்கு முன் காலம் இருந்ததா, இல்லையா?'

வார்டு மெம்பர் தலைப்பை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "அதுசரி கண்ணு, இதுக்குத் தீர்ப்பு ஆரு சொல்றது?"

"என்ற கூடப் படிச்ச சித்ரா டீச்சர் சொல்லுவாங்க. சூரியநெல்லிக்காரங்க. ஸ்கூல்ல பிசிக்ஸ் நடத்தறாங்க."

வழக்கமாகக் கட்சிக்கு மூன்று பேர் பேசுவார்கள். இந்தத் தலைப்புக்கு மொத்தமே இரண்டு பேர்தான் பெயர் கொடுத்தார்கள். ஒருவர் காளிச்சாமி, எந்தத் தலைப்பையும் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். இன்னொருவர் ஆறுச்சாமி, காளிச்சாமியைத் தனியாக மேடையேற விட மனம் வராதவர். சீட்டுப் போட்டதில் காளிச்சாமிக்கு 'இருந்தது' வந்தது.

அவருக்கு ஒரே சந்தோஷம். இல்லை என்று நிரூபிப்பதுதானே கஷ்டம், இருந்தது என்று சொல்ல என்ன வந்தது? அன்று பொழுது சாயப் பால் கறக்கும் வேளையிலேயே தொழுவத்தில் ஒத்திகையைத் தொடங்கிவிட்டார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! ஒரு வெள்ளாமை வெக்கோணும்னா மொதல்ல காடு வேணும். காடே இல்லாம எங்க கொண்டுபோயி வெதைப்பீங்க? அதே மாதிரி, பிரபஞ்சம்ங்கற வெள்ளாமை ஆரம்பிக்கோணும்னா, காலம்ங்கற காடு அதுக்கு முந்தியே உழுது கெடக்கோணும்!"

நிறுத்திவிட்டுக் கைதட்டலுக்காகக் காத்திருந்தார். மருதாத்தாள் கன்றுக்குட்டியை இழுத்துக் கட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு."

"அந்தக் காட்டுல அப்ப என்ன நடந்துட்டு இருந்துச்சுங்க?"

"ஒண்ணும் நடக்கல. வெறுங்காடு."

"வெறுங்காடுன்னாலும் வெயில் அடிக்கும், காத்து வீசும், கோரை மொளைக்கும். அதெல்லாம் இருந்துச்சுங்களா?"

"சூரியனே இல்லீங்கறேன், வெயிலுக்கு எங்க போறது?"

"அப்ப ஒண்ணும் அசையாம, ஒண்ணும் மாறாம கெடந்துச்சுங்கறீங்க. அப்படிக் கெடந்தது பத்து நிமிசமா, பத்துக் கோடி வருசமான்னு எப்படிங்க தெரியும்?"

காளிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "அது... கெடந்துச்சு. அவ்வளவுதான்" என்றார்.

"கைதட்ட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு அவள் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் அவளாகவே வந்தாள். முறத்தில் விதைக் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தவள், அப்படியே முறத்தோடு எழுந்து அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து நின்றாள்.

"காட்டை உட்டுட்டு வெதையப் புடிங்க" என்றாள்.

"என்ன வெதை?"

"வெள்ளாமைக்கு வெதை வேணுமில்லீங்க? வெதை எங்கிருந்து வருது? போன வெள்ளாமையிலிருந்து. அதாட்டம், இந்தப் பிரபஞ்சத்துக்கு முந்தி இன்னொரு பிரபஞ்சம் இருந்து, அது அழிஞ்சு சுருங்கி ஒரு வெதையாட்டம் ஆயி, அதுலிருந்து இது மொளைச்சிருக்கலாமில்லீங்க? அப்ப காலம் நிக்காம நடந்துட்டேதான இருந்திருக்கும்?"

காளிச்சாமி உடனே பேப்பரை எடுத்தார். "இரு, இரு. மறுக்காச் சொல்லு. எங்க படிச்ச இதை?"

"எங்கீங்க படிக்கறது? கடலைக்காய் உரிச்சுட்டு இருக்கறப்பத் தோணுச்சு."

எழுதிக்கொண்டவர் அதைத் தன் வாதமாகவே நினைக்கத் தொடங்க ஒரு நாள்கூட ஆகவில்லை. மூன்றாம் நாள் மாலை பழைய மிடுக்கு திரும்பிவிட்டது. வாசலில் நின்று தென்னைமரங்களைப் பார்த்து முழங்கினார். "கடியாரம் நின்னு போச்சுன்னா நேரம் நின்னு போயிருமா? போகாது! கடியாரம் இருந்தாலும் இல்லாட்டியும் காலம் பாட்டுக்குப் போயிட்டேதான் இருக்கும்!"

"அதெப்படிங்க?" என்றாள் மருதாத்தாள், வாசல் கூட்டிக்கொண்டே. "உங்க கடியாரம் நின்னுச்சுன்னா பக்கத்தூட்டுக் கடியாரம் ஓடுது. அதை வெச்சுத்தான உங்க கடியாரம் நின்னதே தெரியுது? உலகத்துல இருக்கற அத்தன கடியாரமும், சூரியனும், நம்ம நாடித்துடிப்பும், அல்லாமே ஒட்டுக்கா நின்னு போச்சுன்னு வெய்யுங்க. இத்தன நேரம் நின்னுச்சுன்னு சொல்றதுக்கு எது மிஞ்சி இருக்கும்?"

படலுக்கு வெளியே யாரோ கை தட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் யோகப்பிரியா, ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் தட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா, ஆறுச்சாமி மாமா வர மாட்டாங்களாம். அவிய பொண்ணுக்குச் சொன்ன தேதிக்கு முந்தியே கொழந்தை பொறந்துருச்சு. கோயமுத்தூர்லயே ஒரு மாசம் இருக்கோணுமாம். இல்லை கட்சிக்கு ஆளில்லாம என்ன பண்றதுன்னு தெரியாமத்தான் உங்களைப் பாக்க வந்தேன்." அவள் மருதாத்தாளைப் பார்த்தாள். "இப்பத் தெரிஞ்சு போச்சு. அத்தை, நீங்க பேசுங்க."

காளிச்சாமி சிரித்தார். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தார். அவள் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பை நிறுத்தினார். "இவளா? கண்ணு, மாடு கன்னு, தோப்பு வேலை, இவளுக்கு எங்க நேரம் இருக்குது?"

"இல்லை கட்சிக்கு நேரம் எதுக்குங்க?" என்றாள் மருதாத்தாள்.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது போலிருந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தாள். "சரி கண்ணு, பேர் எழுதிக்கோ" என்றாள்.

அன்றிலிருந்து ஒரே வீட்டில் இரண்டு கட்சி. காளிச்சாமி பம்ப்செட் ரூமுக்குள் போய், மோட்டாரைப் போட்டுவிட்டு, அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காதபடி ஒத்திகை பார்த்தார். கேட்க ஆளில்லாமல் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று முதல் தடவையாக அவருக்குத் தெரிந்தது. எந்த இடத்தில் நிறுத்துவது என்றே பிடிபடவில்லை. மருதாத்தாள் தொழுவத்தை எடுத்துக்கொண்டாள். மாடு இரண்டும் நல்ல ரசிகர்கள், குறுக்கே பேசுவதில்லை.

வீட்டுக்குள் வாயைத் திறக்கவே பயம் வந்துவிட்டது. "சாப்பிட நேரமாச்சுங்க" என்று ஒரு நாள் மத்தியானம் அவள் கூப்பிட, "பாத்தயா! காலம் இருக்குதுன்னு ஒத்துக்கிட்ட!" என்று அவர் பிடித்துக்கொண்டார்.

"இப்ப இல்லைன்னு ஆருங்க சொன்னா? ஆரம்பத்துக்கு முந்தி இல்லைன்னுதான சொல்றேன்?" என்றாள். ஆனாலும் மறுநாளிலிருந்து ஜாக்கிரதையாகிவிட்டாள். 'நேரமாச்சு' என்று சொல்வதில்லை. "சோறு ஆறுது" என்பாள். "பால்காரர் சைக்கிள் போயிருச்சு" என்பாள். "நெழல் படிக்கு வந்துருச்சு" என்பாள். எதையும் நடப்பதை வைத்தே சொன்னாள். இது ஒரு வாதம் என்று காளிச்சாமிக்குப் புரிந்தது. ஒன்றும் நடக்காவிட்டால் சொல்ல நேரமும் இல்லை.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் தொழுவத்தின் பின்பக்கம் போய் ஒட்டுக்கேட்டார். உள்ளே அவள் மாட்டிடம் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை மெதுவாக, ஒரு தடவை சத்தமாக, ஒரு தடவை சிரித்துக்கொண்டு. "அன்னிக்கு என்ன விசேசம்? அன்னிக்கு என்னங்க விசேசம்?"

என்னைக்கு? யார் வீட்டு விசேஷம்? காளிச்சாமிக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. இன்னும் கிட்டப் போய்க் கேட்கலாம் என்று காலை எடுத்து வைத்தவர் சாணிக் கூடைக்குள் வைத்துவிட்டார். உள்ளே பேச்சு நின்றது. "ஆரது?" என்றாள். "நான்தான், சாணி அள்ள வந்தேன்" என்றார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவர் சாணி அள்ளியதில்லை. அன்று அள்ள வேண்டியதாயிற்று.

விழா தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு. வாயனசாலைக்கு முன்னால் பந்தல். மார்கழி, தை என்றால் அந்தப் பக்கம் கிழக்கிலிருந்து காற்று சும்மா வராது. கோயமுத்தூர்ப் பக்கம் கிளம்பி, மலைக் கணவாயில் புகுந்து, எருத்தேன்பதியில் இருக்கிறதையெல்லாம் அசைத்துவிட்டுத்தான் போகும். பந்தல் துணி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் கூட்டம் நிரம்பி வழிந்தது. தலைப்பு யாருக்கும் விளங்கவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிராகப் பேசப் போகிறார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் விளங்கியது.

நடுவர் சித்ரா டீச்சருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. முந்தின நாளே மறையூர், உடுமலை வழியாகப் பஸ் பிடித்து வந்து பொள்ளாச்சியில் அக்கா வீட்டில் தங்கியிருந்தாள்.

"எங்க அம்மா டீ எஸ்டேட்ல கொழுந்து எடுக்காங்க," என்று மைக்கில் தொடங்கினாள். "இப்படி ஒரு தலைப்புக்கு நடுவரா போறேன்னு சொன்னேன். 'அதுக்கு முன்னாடி என்ன இருந்தா உனக்கென்னடி, லீவு நாள்ல வீட்டுல இருக்க வேண்டியதுதான'ன்னாங்க. அம்மா சொன்னதுக்கும் என்கிட்ட பதில் இல்ல. அதான் இங்க கேக்க வந்துருக்கேன். அய்யா, நீங்க ஆரம்பிங்க."

காளிச்சாமி எழுந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் பன்னிரண்டு பக்கம். காட்டையும் வெள்ளாமையையும் சொல்லி முதல் கைதட்டலை வாங்கினார். நின்றுபோன கடிகாரத்தைச் சொல்லி இரண்டாவதை வாங்கினார். மூன்றாம் பக்கத்தைப் புரட்டக் கையைத் தளர்த்திய நேரம் பார்த்துக் காற்று ஒரு வீச்சு வீசியது. பன்னிரண்டு பக்கமும் கிளம்பிவிட்டது. மைக் கம்பியில் இரண்டு ஒட்டிக்கொண்டு துடித்தன. ஒன்று மெம்பர் மடியில் போய் உட்கார்ந்தது. மிச்சம் பந்தலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, தென்னந்தோப்புக்குள் போய்விட்டன.

கூட்டம் சிரித்தது. காளிச்சாமியும் சிரித்துப் பார்த்தார். ஏழு வருடத்தில் மேடையில் அவருக்கு வார்த்தை வராமல் போனதில்லை. இப்போது மனதைத் துழாவினால் எழுதி வைத்தது ஒன்றும் அகப்படவில்லை. முறத்தோடு வந்து நின்று ஒருத்தி சொன்னது மட்டும் ஒரு வார்த்தை விடாமல் அப்படியே இருந்தது.

அதையே சொன்னார். விதையைச் சொன்னார், போன வெள்ளாமையைச் சொன்னார், அழிந்து சுருங்கி மறுபடி முளைத்த பிரபஞ்சத்தைச் சொன்னார். சித்ரா டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்து ஏதோ குறித்துக்கொண்டாள். பந்தலே அதிரும்படி கை தட்டினார்கள். அந்தச் சத்தம் அடங்கும் வரை காளிச்சாமி காத்திருந்தார். எதிரே நாற்காலியில் மருதாத்தாள் கையை மடியில் கோத்துக்கொண்டு, அரக்குச் சேலையில் உட்கார்ந்திருந்தாள்.

என்னவோ போலிருந்தது அவருக்கு.

"ஒண்ணு சொல்லிப்போடறனுங்க" என்றார். "இந்த வெதை வாதம் என்றதில்லீங்க. எதிரணிதான் எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு. அல்லாரும் கைதட்டுனீங்க. அது அங்க போய்ச் சேரோணும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மறுபடி கை தட்டினார்கள், விசிலும் அடித்தார்கள்.

மருதாத்தாள் எதிர்ப்பக்கத்து மைக்குக்கு வந்தாள். முதல் இரண்டு வார்த்தை யாருக்கும் கேட்கவில்லை. "கேக்கல!" என்று பின்னாலிருந்து சத்தம். யோகப்பிரியா ஓடி வந்து மைக்கை இறக்கி வைத்தாள்.

"அல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க ஊட்டுக்காரரு சொன்ன வெதை நான் குடுத்த வெதைதானுங்க." ஒரு மூச்சு விட்டாள். "அதுல பூச்சி இருக்கறதும் எனக்குத் தெரியுமுங்க."

கூட்டம் ஓவென்று சிரித்தது. அந்தச் சிரிப்பு அவள் தோளைப் பிடித்து நிமிர்த்தியது போல, குரல் தானாக ஏறியது.

"இதுக்கு முந்தின வெள்ளாமை ஒண்ணு இருந்துச்சுங்கறீங்க, சரி. அப்ப அதுவும் பிரபஞ்சந்தானுங்க? அதுக்கும் முந்தி இன்னொண்ணு இருந்தா அதுவும் பிரபஞ்சந்தான். அத்தனையும் ஒரே கணக்குல சேத்துக்குங்க. அப்ப ஆரம்பமே இன்னும் வரலீங்களே? தலைப்பு என்னங்க? 'தொடங்குறதுக்கு முந்தி'. மொத வெள்ளாமைக்கு வாங்க. அதுக்கு முந்தி என்னங்க இருந்துச்சு? வெறுங்காலம் இருந்துச்சுங்கறாரு. வெறுங்காலம் எம்புட்டு நாள்? அதுக்கு ஆரம்பமே இல்லை, அதுபாட்டுக்கு இருந்துச்சுங்கறாரு. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. ஆரம்பமே இல்லாம அத்தன காலம் சும்மாக் கெடந்துட்டு, ஒரு நாள் மட்டும் திடீர்னு எதுக்குங்க பிரபஞ்சம் பொறந்துச்சு? அதுக்கு முந்தின நாள் பொறக்கல. அடுத்த நாள் பொறக்கல. ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் வித்தியாசம் காட்டறதுக்கு ஒரு தூசி தும்பு இல்லை. அப்பறம் அன்னிக்கு மட்டும் என்னங்க விசேசம்?"

இதுவா அது! காளிச்சாமி தொடையில் அடித்துக்கொண்டார். பத்து நாளாக மண்டையைக் குடைந்த வரிக்கு இப்போது இடம் கிடைத்துவிட்டது. இடம் கிடைத்ததும், அதற்குப் பதில் சொல்ல வழியில்லை என்பதும் தெரிந்தது.

ஆனால் மறுப்புச் சொல்ல மூன்று நிமிடம் உண்டு. பேச்சுக்காரர் சும்மா இருப்பாரா? எழுந்து போனார்.

"எதிரணி 'ஆரம்பத்துக்கு முந்தி காலம் இல்லை'ங்குது. முந்தின்னா என்னங்க? காலத்துலதான் முந்தி பிந்தி எல்லாம். 'முந்தி'ன்னு வாயெடுக்கறப்பவே காலம் இருந்துச்சுன்னு ஒத்துக்கிட்டாங்க. இதுக்கு மேல எனக்கு வேலையில்லைங்க!"

நல்ல அடி. டீச்சரே புருவத்தை உயர்த்தினாள். மருதாத்தாள் தன் மைக்கிலிருந்து, கணவரை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"உங்களுக்கு இப்ப என்ன வயசுங்க?"

"அம்பத்தாறு. உனக்குத் தெரியாதா?"

"பொறந்தன்னிக்கு?"

"ஒண்ணுமில்ல. அன்னிக்குத்தான ஆரம்பம்."

"பொறக்கறதுக்கு முந்தி உங்க வயசு என்னங்க?"

"பொறக்கறதுக்கு முந்தி ஏது வயசு?"

"அதத்தானுங்க நானும் சொல்றேன். 'முந்தி'ன்னு சொல்லிக் கேக்கலாம். கேள்வி வரும், பதில்தான் இருக்காது. காலம்னா பிரபஞ்சத்துக்கு வயசு. பொறந்த பொறகுதான் வயசு."

கூட்டம் கை தட்டப் போன நேரத்தில் காளிச்சாமி கையை உயர்த்தித் தடுத்தார். கண் மின்னியது. "இரு! எனக்கு வயசில்ல, ஆனா நான் பொறக்கறதுக்கு முந்தி எங்கம்மாவுக்கு வயசு இருந்துச்சே! காலம் அங்க நடந்துட்டுத்தான இருந்துச்சு?"

"இருந்துச்சுங்க" என்றாள் மருதாத்தாள். "பிரபஞ்சத்துக்கு அம்மா ஆருங்க?"

காளிச்சாமி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று முன்வரிசையில் ஒருத்தி பதறிப்போனாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் தூக்கித் தட்டினார். எதிரணிக்குக் கை தட்டும் பேச்சாளரை எருத்தேன்பதி அன்றுதான் பார்த்தது. அதற்குப் பிறகு ஊரே தட்டியது.

சித்ரா டீச்சர் எழுந்தாள். ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி வருஷத்துக்கு முன்னால் எல்லாமே ரொம்பச் சின்னதாக, தாங்க முடியாத சூடாக இருந்தது என்பது வரை கணக்குப் போட முடிகிறது என்றாள். "அதுக்கும் பின்னால போகப் போக நம்ம கணக்கு கையை விரிச்சிருது. காலமே அங்கதான் தொடங்குச்சுன்னு சொல்றவங்களும் இருக்காங்க, அதுக்கு முன்னாடியும் ஒண்ணு இருந்துருக்கும்னு சொல்றவங்களும் இருக்காங்க. ரெண்டு பக்கமும் பெரிய படிப்பாளிங்க. யாரும் இன்னும் நிரூபிக்கல. அதனால கேள்விக்கு என்கிட்ட தீர்ப்பு இல்ல."

"அதெப்படி? தீர்ப்புச் சொல்லாம பஸ் ஏற முடியாது!" என்றார் மெம்பர். பின்வரிசை ஆமாம் போட்டது.

"கேள்விக்குத்தான் இல்லைன்னேன். பேச்சுக்கு இருக்கு" என்று டீச்சர் சிரித்தாள். "அக்கா ஜெயிச்சுட்டாங்க. அய்யா அது யாரோட வாதம்னு சொன்னாங்க பாருங்க, அதுக்கு மார்க் போட முடிஞ்சா அவங்களும் ஜெயிச்சிருப்பாங்க."

பால் சொசைட்டி கொடுத்த பரிசு, சிவப்புத் தாள் சுற்றிய சுவர்க் கடிகாரம். காலம் இல்லை என்று பேசியவருக்குக் கடிகாரமா என்று யாரோ கத்த, இன்னொரு தடவை பந்தல் சிரித்து ஓய்ந்தது.

தோற்றால் எப்படி இருக்கும் என்று ஏழு வருடமாகக் காளிச்சாமிக்குத் தெரியாது. ஓரத்தில் நின்று டீயைக் குடித்தபடி, எங்கே வலிக்கிறது என்று தேடிப் பார்த்தார். கொஞ்சம் வலித்தது, இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால் அதற்குள் ஆறுச்சாமி கோயமுத்தூரிலிருந்து போன் பண்ணி, "என்னப்பா, தோத்துட்டயாமே? ஆருகிட்ட?" என்று கேட்டபோது, "என்ற ஊட்டுக்காரிகிட்டப்பா! நீ கேட்டிருக்கோணும்! நீயா இருந்தா அந்த எடத்துல ஒளறியிருப்ப" என்று அவர் குரல் எட்டுத் தெருவுக்குக் கேட்டது.

டீச்சரைப் பஸ் ஏற்றிவிடக் கணவனும் மனைவியும் ரோட்டுக்குக் கூடப் போனார்கள். காளிச்சாமி மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். இன்னும் வெயில் இருந்தது; தென்னை நிழல் ரோட்டின் குறுக்கே நீளமாக விழுந்திருந்தது. யோகப்பிரியா பந்தல் பிரிப்பதைப் பார்க்கத் தங்கிவிட்டாள்.

"ஒண்ணு கேப்பேன், மறைக்காம சொல்லணும்க்கா" என்றாள் சித்ரா டீச்சர். "மேடைக்காகப் பேசுனது போகட்டும். உங்களுக்கு நெசமாவே என்ன தோணுது?"

மருதாத்தாள் கடிகாரப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"வாயில சொல்லிப்போட்டனுங்க டீச்சர். நெனச்சுப் பாக்கத்தான் முடியல. சூரியன் இல்லை, சரி. நட்சத்திரம் இல்லை, சரி. இருட்டும் இல்லை, எடமும் இல்லைன்னு ஒவ்வொண்ணா எடுத்துப்போடறேன். கடைசில ஒண்ணுமே இல்லைன்னு ஆனப்பறமும், அந்த ஒண்ணுமில்லாதது சித்த நேரம் அங்க கெடக்கற மாதிரியே இருக்குதுங்க. அந்த சித்த நேரத்தை மட்டும் என்னால எடுக்கவே முடியலீங்க."

காளிச்சாமி மொபெட்டை அப்படியே நிறுத்தினார். "அடிப்பாவி! இதை நான் மேடையில சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்பனே!"

"அதனாலதானுங்க உங்ககிட்டச் சொல்லல."

டீச்சர் சிரிக்கவில்லை. நடு ரோட்டில் நின்றுவிட்டாள். "எடுக்க முடியாதது காலமா, இல்ல எடுக்கற நம்ம மனசா? ஒண்ணுமில்லாதத நெனைக்கறதுக்கும் நமக்குக் கொஞ்ச நேரம் ஆகுதுல்ல? அந்த நேரத்தத்தான் நீங்க அங்க பாக்கீங்களோ என்னவோ?"

"அட, அப்படியும் இருக்கலாமுங்களே!" என்று மருதாத்தாள் வியந்து போனாள். "ஆனா டீச்சர், அப்படிப் பாத்தா..."

பொள்ளாச்சி பஸ் வளைவில் திரும்பியது. காளிச்சாமி கையைக் காட்டி நிறுத்தினார். கண்டக்டர் படியில் நின்று, "ஏறுங்க, ஏறுங்க" என்றார். டீச்சர் பஸ்ஸைப் பார்த்தாள், மருதாத்தாளைப் பார்த்தாள்.

"நீங்க போங்கண்ணே" என்றாள் கண்டக்டரிடம். "நான் அடுத்ததுல வாறேன். அக்கா, 'அப்படிப் பாத்தா'ன்னு என்னமோ சொல்ல வந்தீங்களே?"

பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. "அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் கெடக்குது. ஊட்டுக்கு வாங்க டீச்சர், ரெண்டு தோசை ஊத்தறேன்" என்று மருதாத்தாள் அவள் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் வந்த வழியே திரும்பி நடந்தார்கள், பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

காளிச்சாமி கடிகாரப் பெட்டியை வாங்கி மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டார். வண்டியைக் கிளப்பினால் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அதனால் தள்ளிக்கொண்டே, அவர்கள் பேசுவது காதில் விழும் தூரத்தில், பின்னால் நடந்தார்.